வாணிப நோக்கமற்ற பயன்பாடு எது?

தாவரப் படம் ஒன்றைப் பாடத்திற்கென நகலெடுக்க விழையும் ஆசிரியர், அதன் அடியில் ‘வாணிப நோக்கமற்ற பயன்பாட்டிற்கு மட்டும்’ என்ற குறிப்பைக் கண்டதும் தயங்குகிறார். நகல் எடுப்பவருக்குக் காசு தரவேண்டும். அக்காசை மாணவரிடம் பெறவேண்டும். பணம் கைமாறுவதால் இது வாணிபம் ஆகிவிடுமோ என்பது அவருடைய ஐயம். அவ்வையம் தீராமையால் படம் வகுப்பறையை எட்டுவதேயில்லை. இத்தயக்கம் பெரும்பாலும் தேவையற்றது என்பதே நமது கருத்து.

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட பொது உரிமங்களிலேயே இவ்வரம்பு இடம்பெற்றது. 2013இல் வெளிவந்த நான்காம் பதிப்பின்படி, வாணிப ஆதாயத்தையோ பண வருவாயையோ முதன்மையான நோக்கமாகக் கொள்ளாத பயன்பாடே வாணிபமற்றது. ‘முதன்மையான’ என்னும் சொல்லே இவ்விலக்கணத்தின் உயிர்நிலை. செயலின் நோக்கம் யாது என்பதே கேள்வி. செய்பவர் யார் என்பதன்று. அறநிலையம் செய்வதனாலேயே ஒரு செயல் வாணிபமற்றதாகிவிடாது. வணிக நிறுவனத்தின் கை படுவதனாலேயே வாணிபமாகிவிடவும் மாட்டாது.

அமெரிக்க வழக்கு ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. கிரேட் மைண்ட்ஸ் என்னும் அமைப்பு தன் கணிதப் பாடங்களை இத்தகைய உரிமத்தின்கீழ் வெளியிட்டிருந்தது. பள்ளி நிர்வாகங்கள் அவற்றைப் பெடெக்ஸ் நிறுவனத்தின் கடைகளில் கட்டணம் செலுத்தி நகலெடுத்தன. கடைக்குக் கிடைத்தது இலாபம், ஆதலின் இது வாணிபம் என்று அவ்வமைப்பு வழக்காடியது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பள்ளிக்காக நகலெடுக்கும் கடை பள்ளியின் கருவியே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில் ஆசிரியருக்கு மற்றொரு துணையும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. சட்டம் அளித்த இச்சலுகையை இவ்வுரிமங்கள் குறைப்பதுமில்லை.

எனினும் களப்பணியாளர் விழிப்புடன் இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. பூச்சியின் படம் ஒன்றை, மருந்து வணிகர் தம் சரக்கின் பெயரோடு சேர்த்து அச்சிட்டு, உழவருக்கு இலவசமாக வழங்குவதாகக் கொள்வோம். அங்கே ஒரு காசும் கேட்கப்படவில்லை. ஆயினும் நோக்கம் விற்பனையே. மாணவரிடம் நகற்செலவு பெற்ற ஆசிரியரின் செயல் வாணிபமன்று. விலையின்றி வழங்கப்பட்ட அத்துண்டுப் பிரசுரமோ வாணிபம்.

பிறிதொன்றும் மறத்தலாகாது. செர்மானியப் பொது வானொலி ஒன்று இத்தகைய உரிமமுடைய ஒளிப்படத்தைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டது. கோல்ன் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அதனை வாணிபமெனக் கருத மறுத்தது. ஆனால் படத்தின் ஓரத்தை வெட்டியபோது படைத்தவர் பெயரையும் நீக்கியது குற்றமெனக் கண்டது. நாமும் வாணிபம் பற்றி அளவுக்கு மீறி அஞ்சுகிறோம். பெயரைக் குறிப்பிடும் எளிய கடமையையோ மறந்துவிடுகிறோம்.

இறுதியாக, எழுதுவோருக்கு ஒரு சொல். பொதுப் பணத்தில் உருவான வரைபடத்திற்கும் கையேட்டிற்கும் வழக்கம் கருதியே இவ்வரம்பை இட்டுவிடுகிறோம். அது பெருவணிகரைத் தடுப்பதினும் சிற்றூர் அச்சகத்தாரையே மிகுதியாகத் தடுக்கிறது. குறைந்த விலையில் சுவர்ப்படம் அச்சிட்டுச் சிறிது இலாபம் காண்பவரும் அறிவைப் பரப்புபவரே. இந்திய அரசு 2017இல் அறிவித்த திறந்த தரவு உரிமம் வாணிபப் பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. படைத்தவர் பெயரைக் கூறுக, வழிவந்த படைப்பையும் அவ்வாறே பிறருக்குத் திறந்துவைக்க என்னும் இரு நிபந்தனைகளே பொதுப் படைப்புகளுக்குப் போதுமானவை.

வரம்பு இடப்பட்ட படைப்பாயின், நோக்கத்தைத் தமக்குள் வினவித் தெளிக. ஐயம் எஞ்சினால் உரியவருக்கு ஒரு கடிதம் எழுதி இசைவு பெறுக. அச்சத்தால் மட்டும் பாடத்தைக் கைவிடவேண்டா.