சத்தமே இல்லைன்னா அமைதின்னு அர்த்தமா?

பெரியம்மாவுக்கு டிமென்ஷியா. வீட்டுல சமாளிக்க முடியல. ரமணாசிரமம் பக்கம் ஒரு இல்லத்தைப் பார்க்கப் போனோம். சாயங்காலம் அஞ்சு மணி. பத்துப் பன்னெண்டு பேர் இருந்தும் சத்தமே இல்லை. "மலையடிவாரம் சார், எவ்வளவு அமைதி பாருங்க!" என்றார் நிர்வாகி. அண்ணனுக்குப் பிடிச்சுப்போச்சு. எனக்குத்தான் உறுத்தல்.

இந்த நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் படபடப்பு ஏறும். 'வீட்டுக்குப் போகணும்'னு கிளம்புவாங்க. அந்த நேரத்துல எல்லாரும் தூங்கினா, என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்ததுன்னு கேட்கணும். கேட்டேன். மழுப்பினார். மனநோய்க்கான சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லயே எச்சரிச்சிருக்கு.

அதனால நான் சொல்றது இதுதான். இல்லம் பார்க்க, முன்கூட்டிச் சொல்லாம சாயங்காலமா போங்க. ராத்திரி டூட்டியில எத்தனை பேர்னு கேளுங்க. பௌர்ணமி கூட்டத்துல ஒருத்தர் வெளியே நழுவிட்டா என்ன செய்வீங்கன்னு கேளுங்க.

1922ல தாயாரோட கடைசி நேரத்துல ரமணர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சமாதியைச் சுத்தித்தான் ஆசிரமமே எழுந்தது. இல்லத்துலயும் அதைத்தான் பார்க்கணும்: பக்கத்துல உட்கார ஒரு ஆள் இருக்கா?

பெரியம்மாவுக்கு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்.