மலைக்கு ஏற்ற பாதரட்சை

பாதரட்சையைச் சிம்மாசனத்தில் ஏற்றிப் பதினான்கு வருஷம் ராஜ்யபாரம் செய்வித்த கதையைப் போற்றும் ஜனங்கள் நாம். ஆனால் கடைக்குப் போய் ஒரு ஜோடு வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. சமவெளியில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. மலையில் உண்டு.

போடிநாயக்கனூருக்கு மேற்கே சுவர்போல் எழுந்து நிற்கும் ஏலமலையில் ஏறியவர்கள் இதை அறிவார்கள். போடிமெட்டுச் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுகிறது. மேலே போனால் நிழலும் ஈரமும் மக்கிய இலையுமாக ஏலத் தோட்டங்கள். கொட்டகுடி, குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பழைய பாதை வேறு இருக்கிறது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்தச் சரிவில்தான் கீழே இறங்கிற்று. தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது, மனிதனுக்குக் கால்தான்.

இங்கே கால் மூன்று விதமான தரையைச் சந்திக்கிறது: சரளைக்கல் இறக்கம், இலையும் சேறும் கலந்த வழி, பாசி படிந்த ஓடைப் பாறை. முதல் இரண்டுக்கும் ஆழமான பள்ளமும் மேடும் வெட்டிய ரப்பர் அடிதான் நல்லது. இந்த அடி பிறந்த கதை துயரமானது. 1935-ம் வருஷம் ஆல்ப்ஸ் மலையில் இத்தாலியர் ஆறு பேர் புயலில் சிக்கி மாண்டார்கள். தகுந்த பாதரட்சை இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று அவர்களுடைய நண்பர் விட்டாலே பிரமானி கருதினார். மோட்டார் டயர் செய்யும் பிரெல்லி கம்பெனியாரின் உதவியுடன் 1937-ல் அவர் செய்து முடித்ததே இந்த ரப்பர் அடி. அதுவரை மலையேறுவோர் இரும்பாணி அடித்த பூட்ஸை நம்பியிருந்தார்கள்.

ஆனால் ஈரப் பாறைக்குப் பள்ளத்தின் ஆழம் மட்டும் போதாது. ரப்பரின் மென்மை வேண்டும். கடையிலேயே நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் இணங்காத ரப்பர் பாறையைப் பற்றாது. பாறைக் கரையிலிருந்து கடலில் முக்குளிப்பவர்களும் தடித்த ரப்பர் அடியுள்ள பூட்ஸ் அணிந்துதான் இறங்குகிறார்கள். நீரை எட்டும்வரை அவர்களுக்கும் பகை பாசிதான். பாசி கனத்துப் படிந்துவிட்டால் எந்த அடியும் உதவாது. ஒரு கோலை ஊன்றி, சொரசொரப்பான இடம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்தவர் ஏதோ ஓர் ஓடைக்கரையில்தான் நின்றிருக்க வேண்டும்!

வாங்குவதற்குச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். படியில் இறங்கும்போது விரல் நுனி முன்னே இடித்தால் அந்த ஜோடு வேண்டாம்; ஏறும்போது பொறுத்துக்கொள்ளும் விரல்கள் இறங்கும்போது பழி வாங்கும். புது ஜோட்டை வீட்டிலும் தெருவிலும் பல நாள் பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டு போகலாம். நனைந்ததை அடுப்பருகே வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள்ளே பழைய பத்திரிகைக் காகிதத்தைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்து அட்டைக்கு, முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுத் துணியுறை நல்ல காப்பு.

இதெல்லாம் ஒரு நாள் மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மாண்டவர்களை நினைத்து, வனத்துறையின் அனுமதி பெற்றே அவர்களும் போக வேண்டும்.

தினந்தோறும் போகிறவர்கள் சங்கதி வேறு. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அநேகம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. குனிந்து, உட்கார்ந்து, இலைக் குப்பையில் காலை வைத்தே பறித்தாக வேண்டும். அந்தக் குப்பையின் நிறத்திலேயே மூக்கு நிமிர்ந்த ஒருவகைக் குழிவிரியன் சுருண்டு கிடக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு செய்தது. இந்தக் குழிவிரியனுக்கு அது பலிப்பதில்லை. ஈர மண்ணிலோ கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் புகுந்து, ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் பாதரட்சையே. கணுக்காலுக்கு மேலே வரும் ரப்பர் பூட்ஸ் இந்த வேலைக்கு உகந்தது. ஆனால் முழங்கால் ஆழ ஓடையைக் கடக்க அது ஆகாது. உள்ளே நீர் நிரம்பினால் அதுவே பாரமாகிவிடும்.

1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் காப்பாகக் கொடுக்க வேண்டியவற்றைச் சொல்லும்போது குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தலைக்கும் தோளுக்கும் யோசித்தவர்கள் அந்த வரிசையில் காலின் பெயரை எழுதவில்லை.

தோட்டம் வைத்திருக்கும் நேயர்கள் சட்டம் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மழை பிடிக்குமுன் ஆளுக்கு ஒரு ஜோடு வாங்கிக் கொடுக்கலாம். அதையும் அவரவர் கால் அளவில் வாங்க வேண்டும். ஆண்களின் அளவில் செய்த பூட்ஸைப் பெண்களிடம் நீட்டுவது, செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கச் சொல்வதாகும். பொருந்தாத ஜோடு இரண்டு நாளில் வரப்போரத்துக்குப் போய்விடும். கால் மறுபடி வெறுங்காலாகவே இலைக் குப்பையில் இறங்கும்.