சிப் இருந்தால் போதுமா, மதகு திறக்க வேண்டாமா?

சென்ற மாதம் ஒரத்தநாடு பக்கத்தில் இருந்து விவசாயி ஒருவர் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். கல்லூரியில் படிக்கும் மகளுக்காக வாங்கியது.

"தம்பி, இதுல ஏ.ஐ. சிப்னு ஒண்ணு இருக்காம். அதுக்குன்னே கடையில கூடப் பணம் வாங்கினாங்க. ஆறு மாசம் ஆச்சு. அது என்ன வேலை பாக்குதுன்னு ஒரு தடவ காட்டுங்க" என்றார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திற்குப் போனேன். சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று வரிசையாக வந்து, கீழே என்.பி.யூ. இருந்தது. அதன் கோடு தரையோடு ஒட்டிக் கிடந்தது. 0 சதவீதம். மகள் பயன்படுத்தும் வேர்ட், பிரவுசர், சினிமா பார்க்கும் பிளேயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கோடு அசையவே இல்லை.

"தண்ணி வராத கடைமடை வாய்க்கால் மாதிரில்ல கெடக்கு!" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கலாம். கல்லணையில் ஷட்டரைத் தூக்கி, ஆற்றில் இருந்து வாய்க்காலுக்குப் பிரியும் மதகையும் திறந்தால்தானே வயலுக்கு வரும்? கம்ப்யூட்டரில் அந்த மதகின் பெயர் சிஸ்டம் கால். ஒரு புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் "எனக்கு இதைச் செய்து கொடு" என்று கேட்கும் வழி அது. ஃபைலைத் திறப்பதற்கு ஒன்று, மெமரி வாங்குவதற்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கில் உண்டு. மெயின் பிராசஸருக்குத் துணையாக வைத்திருக்கும் சிப்பிடம், அதாவது கோ-பிராசஸரிடம், வேலை கொடுக்கவும் அப்படி ஒரு வழி இருந்தாக வேண்டும். லேப்டாப் வாங்கும்போது சிப்பின் வேகத்தைக் கேட்பதை விட, அதற்கு மதகு இருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

இதற்கு நல்ல உதாரணம் ஒரு விளையாட்டுப் பெட்டி. சோனி நிறுவனம் 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 என்ற கேம் கன்சோலை வெளியிட்டது. அதற்குள் இருந்தது சோனி, தோஷிபா, ஐ.பி.எம். மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 'செல்' பிராசஸர். அதில் ஒரு மெயின் பிராசஸர், அதற்குத் துணையாக எஸ்.பி.யூ. என்ற 8 கோ-பிராசஸர்கள். பிளேஸ்டேஷனில் அந்த எட்டில் ஒன்றை அணைத்து விட்டார்கள், இன்னொன்றைச் சோனி தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டது. லினக்ஸ் போட்டுக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது 6.

இந்த எஸ்.பி.யூ. எப்படி வேலை செய்கிறது என்பதை நடவு வயலில் நின்று பார்த்தால் சுலபமாகப் புரியும். (மெஷின் நடவு வந்த பிறகு இந்தக் காட்சி குறைந்து விட்டது, ஆனாலும் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.) நடவு செய்யும் பெண் ஒவ்வொரு முறையும் நாற்றங்காலுக்கு ஓட மாட்டார். ஒரு ஆள் நாற்று முடிகளைக் கொண்டு வந்து பக்கத்தில் வீசுவார். கைக்கு எட்டும் முடியை எடுத்து மளமளவென்று நட்டுக்கொண்டே போவார். எஸ்.பி.யூ.வும் அப்படித்தான். கம்ப்யூட்டரின் மெயின் மெமரியில் அது நேரடியாகக் கை வைக்க முடியாது. தனக்கென்று இருக்கும் 256 கிலோபைட் மெமரியில் உள்ளதை மட்டுமே தொடும். மெயின் மெமரியில் இருந்து டேட்டாவைக் கொண்டு வந்து போடுவதற்கு டி.எம்.ஏ. என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. முடி வீசும் ஆள் அதுதான்.

இந்த ஆட்களிடம் வேலை கொடுக்க லினக்ஸில் 2006 மார்ச்சில் வந்த 2.6.16 பதிப்பில் ஒரு சிஸ்டம் காலைச் சேர்த்தார்கள். ஐ.பி.எம்.மின் ஆர்ண்ட் பெர்க்மன் முதலானோர் எழுதியது. பெயர் 'எஸ்.பி.யூ. கிரியேட்'. அதை அழைத்தால் ஒரு 'கான்டெக்ஸ்ட்' உருவாகும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தப் பங்கு வயல், இவ்வளவு நாற்று, இதுவரை நட்டது இந்த வரிசை என்ற கணக்குதான் கான்டெக்ஸ்ட். அது ஆள் அல்ல, ஆளிடம் கொடுக்கும் வேலையின் முழுக் கணக்கு. ஆறு ஆட்கள் இருக்கும்போது பத்துப் பங்கு வயலுக்குக் கணக்கு எழுதலாம். ஒரு பங்கைப் பாதியில் நிறுத்தி, எந்த வரிசையில் நின்றது என்று குறித்து வைத்து, பிறகு வேறு ஆளை அதே இடத்தில் இருந்து தொடர வைக்கலாம். யாரை எப்போது எதில் இறக்குவது என்பதை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

கான்டெக்ஸ்ட் உருவானதும் நம் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஒன்று தோன்றுவது போலவே அங்கும் ஒரு டைரக்டரி தோன்றும். உள்ளே அந்த 256 கிலோபைட் மெமரி ஒரு ஃபைலாக, மெயின் பிராசஸரும் எஸ்.பி.யூ.வும் சேதி பரிமாறும் தபால் பெட்டி இன்னொரு ஃபைலாக இருக்கும். பிறகு 'எஸ்.பி.யூ. ரன்' என்ற இன்னொரு காலை அழைத்தால் வேலை ஓடத் தொடங்கும். இவ்வளவு எளிமையாக, யாரும் திறந்து பார்க்கும்படி வடிவமைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மதகு திறந்ததும் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக் கூடம் 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை இணைத்து 2010-ல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே கட்டியது. குழந்தைகள் விளையாடும் பெட்டியில்!

சாவி மட்டும் சோனியிடம் இருந்தது. லினக்ஸ் போட்டுக்கொள்ள 'அதர் ஓ.எஸ்.' என்ற வசதியைச் சோனியேதான் கொடுத்திருந்தது. அப்போதே கிராபிக்ஸ் சிப்பை மட்டும் லினக்ஸ் முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் தடுத்து வைத்திருந்தார்கள். 2009-ல் வந்த மெலிந்த மாடலில் வசதியே இல்லை. 2010 ஏப்ரல் 1 அன்று 3.21 என்ற அப்டேட் மூலம், ஏற்கெனவே விற்ற பழைய பெட்டிகளில் இருந்தும் அதை எடுத்து விட்டார்கள். பாதுகாப்புதான் காரணம் என்றார்கள். அப்டேட் வேண்டாம் என்றால் சோனியின் ஆன்லைன் சேவைக்குள் நுழைய முடியாது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குப் போட்டு, அது பல ஆண்டுகள் இழுத்து சமரசத்தில் முடிந்தது. இத்தனைக்கும் சிப் கெடவில்லை, லினக்ஸில் இருந்த சிஸ்டம் காலும் அப்படியே இருந்தது. ஊர்க்காரர் காசில் வெட்டிய வாய்க்காலின் மதகை லஸ்கர் பூட்டிவிட்டுப் போன கதைதான். விற்ற பொருளில் இருந்து ஒரு வசதியைப் பின்னால் வந்து பிடுங்குவது, காரணம் எதுவானாலும், எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? இப்போதைய என்.பி.யூ.க்களும் இதே கோ-பிராசஸர் இனம்தான். ஏ.எம்.டி.யின் ரைசன் லேப்டாப்களில் என்.பி.யூ. வந்தது 2023-ல். அதை இயக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது 2025 மார்ச்சில் வந்த 6.14 பதிப்பில். அதற்குள்ளும் 'ஹார்ட்வேர் கான்டெக்ஸ்ட் உருவாக்கு' என்று ஒரு கட்டளை இருக்கிறது, நம் எஸ்.பி.யூ. கிரியேட்டின் தம்பி மாதிரி! விண்டோஸ் பக்கம் வேறு கதை. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' கம்ப்யூட்டர்களை அறிவித்தபோது, என்.பி.யூ.வுக்குக் குறைந்தது 40 டாப்ஸ் வேகம் வேண்டும் என்றது. (ஒரு டாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு.) அதற்கு முன் 'ஏ.ஐ. பி.சி.' ஸ்டிக்கரோடு விற்றவற்றில் பல 10, 11 டாப்ஸ்தான். ஸ்டிக்கரை நம்பி வாங்கியவர்களுக்கு அந்தப் புது வசதிகள் கிடைக்கவில்லை.

தஞ்சாவூரில் இருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகும்போது துவாக்குடியில் என்.ஐ.டி.யைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 2022-ல் தொடங்கிய 838 டெராஃபிளாப்ஸ் வேகமுள்ள 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரிலும் கிராபிக்ஸ் பிராசஸர்கள் துணைக்கு நிற்கின்றன. அங்கே வேலை செய்பவர்கள் அவற்றுக்கென்றே புரோகிராம் எழுதுவார்கள். நம் வீட்டில் யார் எழுதப் போகிறார்கள்? எனவே கடையில் "எத்தனை டாப்ஸ்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "நான் தினமும் பயன்படுத்தும் எந்தப் புரோகிராம் இந்த சிப்பைப் பயன்படுத்துகிறது? டாஸ்க் மேனேஜரில் அந்தக் கோட்டை இங்கேயே எழுப்பிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால், அந்தப் பணத்தைக் கூடுதல் ரேமுக்குக் கொடுங்கள். ரேம் முதல் நாளே வேலை செய்யும்.

ஒரத்தநாட்டுக்காரருக்கு வருவோம். கேமராவைத் திறந்து, செட்டிங்ஸில் பின்னணியை மங்கலாக்கும் விண்டோஸ் வசதியை ஆன் செய்தேன். என்.பி.யூ. கோடு மெல்ல மேலே எழுந்தது. திரையில் அவர் முகம் தெளிவாகவும், பின்னால் இருந்த என் அலமாரி மங்கலாகவும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா தம்பி அவ்வளவு பணம்?" என்றார். ஆஃப் செய்தேன். கோடு மறுபடி படுத்துக்கொண்டது.