சேரிப் பள்ளிக்கு ஊர்ப் பிள்ளைகள் நடந்து வரட்டும்

'அருகமைப் பள்ளி' என்று நம் கல்வி இயக்கங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசி வருகின்றன. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரிக் குழு பரிந்துரைத்தது அது. ஒரு பகுதியில் வாழும் எல்லாக் குழந்தைகளும் சாதி, மதம், வருமானம் பாராமல் அந்தப் பகுதியின் பொதுப்பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாமும் மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைப் போதுமான அளவு உரக்கக் கேட்கவில்லை. அந்தப் 'பகுதி'க்கு எல்லை போடுவது யார்?

தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதிகாரி வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே சாதி எல்லையைப் போட்டுவிட்டது. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சேரி. நடுவே ஒரு சாலை, ஒரு வாய்க்கால் அல்லது நாலு வயல். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் தூரத்தை அளக்கின்றன: தொடக்கப் பள்ளிக்கு 1 கி.மீ., நடுநிலைக்கு 3 கி.மீ. அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லாரும் ஒரே வகுப்பறையில் உட்கார்கிறார்களா என்று அவை கேட்பதில்லை. அதனால்தான் ஊருக்குள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும், பத்து நிமிட நடையில் சேரிக்குள் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் தனித்தனியாக நடக்க முடிகிறது. இரண்டும் சட்டப்படி அருகமைப் பள்ளிகளே!

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை இழிவாகப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர்ப் பள்ளிகள் கதவைச் சாத்தியதால் பிறந்தவை அவை. வெள்ளையர் காலத்தில் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளின் தொடர்ச்சி. நம் பாட்டன் பாட்டிகள் பலர் கையெழுத்துப் போடக் கற்றது அங்கேதான். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள் உள்ளன. 2023-24 நிதிநிலை அறிக்கையில் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தபோது தலித் அமைப்புகள் எதிர்த்தன. நிலம் போகும், பணியிடம் போகும், நிதி போகும் என்ற அச்சம் நியாயமானது. நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்கச் சொல்லி 2024இல் அறிக்கை தந்தது. அதுவும் தேவையானதே.

ஆனால் துறை மாறினாலும், பெயர்ப் பலகை மாறினாலும், மறுநாள் காலை அந்த வகுப்பில் உட்காரப் போவது யார்? அதே சேரிக் குழந்தைகள் மட்டும்தான். எல்லைக்கோடு அசையவில்லை என்றால் எதுவும் அசையவில்லை என்றே பொருள்.

இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஊரில் வசதி உள்ளவர்களின் பிள்ளைகளைக் காலையில் மஞ்சள் வேன் அள்ளிக்கொண்டு போகிறது. 1 கி.மீ., 3 கி.மீ. என்ற எந்தக் கணக்கும் அவர்களுக்கு இல்லை. காசு இருந்தால் பத்து கிலோமீட்டர்கூட அருகமைதான். மிச்சம் இருப்பவர்கள் ஊர் ஏழைகளும் சேரி ஏழைகளும். அவர்களும் இரண்டு கட்டடங்களில் பிரிந்து கிடக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை குறைகிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்றாகிறது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கடன் வாங்கி வேன் ஏற்றுகிறார்கள். கேள்வி கேட்கும் வலிமை உள்ள பெற்றோர் வெளியேறிய பள்ளியின் ஒழுகும் கூரையை யார் கேட்பார்கள்?

தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் இருக்கிறதே என்பார்கள். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க வீட்டிலிருந்து பள்ளி 1 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். சென்னையின் கூவம், அடையாறு கரைகளில் இருந்த மக்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். நகரத்தின் நடுவே இருந்தபோது பெரிய பள்ளிகளின் சுவர் அவர்களுக்குத் தெரிந்தது. வெளியே தள்ளிய பிறகு டேப்பை நீட்டி, உன் வீட்டிலிருந்து தூரம் அதிகம் என்கிறார்கள். இது யார் ஏற்படுத்திய தூரம்? இடம் கிடைத்தாலும் எட்டாம் வகுப்போடு சட்டப் பாதுகாப்பு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் கட்டண ரசீது வீட்டுக்கு வரும்.

எல்லையை மாற்றி வரைவது நடக்கிற காரியமா? அமெரிக்காவில் குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை முகவரிதான் தீர்மானிக்கிறது. நிறத்தால் பிரிந்த குடியிருப்புகள் நிறத்தால் பிரிந்த பள்ளிகளை உண்டாக்கின. அங்கிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். 1948இல் நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில், கறுப்பினக் குழந்தைகளுக்கு என்று இருந்த பள்ளியையும் வெள்ளைப் பள்ளியையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவந்தார்கள். கீழ் வகுப்புகள் எல்லாருக்கும் ஒரு கட்டடத்தில், மேல் வகுப்புகள் எல்லாருக்கும் மற்றொன்றில். வெள்ளைக் குழந்தைகள் முன்னாள் கறுப்பினப் பள்ளிக்கு நடந்து போனார்கள். இரண்டாவது பாடம் டெட்ராய்ட். நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்துப் பள்ளிகளைக் கலக்கும் திட்டத்தை 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற தீர்ப்பில் தடுத்தது. நகர எல்லையைத் தாண்டிக் குடிபோனவர்கள் தப்பித்தார்கள். வசதி உள்ளவனுக்குத் தப்பிக்கும் வாசலைத் திறந்து வைத்துவிட்டு எல்லை வரைந்தால், உள்ளே அடைபடுவது ஏழை மட்டுமே.

பிரின்ஸ்டன் வழி நம் கிராமத்துக்குப் பொருந்தும். ஊரும் சேரியும் ஒரே பள்ளி எல்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் சேரிக் கட்டடத்தில், நான்கும் ஐந்தும் ஊர்க் கட்டடத்தில். எந்தப் பள்ளியையும் மூட வேண்டாம். நலத்துறையின் நிலத்தையும் பணியிடங்களையும் நிதியையும் அரசாணை போட்டுப் பாதுகாக்க வேண்டும். பள்ளி இணைப்பு என்றாலே சேரிப் பள்ளியைப் பூட்டி நம் பிள்ளையை ஊருக்கு அனுப்புவது என்ற வழக்கம் இதோடு ஒழிய வேண்டும்.

ஊர்க்காரர்களோடு சேர்த்தால் நம் குழந்தைகள் அவமானப்படுவார்களே என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமை இல்லை. 2018இல் அவினாசி வட்டாரத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் எதிர்த்ததையும், 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதையும் நாம் மறக்கவில்லை. அதனால்தான் ஆறு வயதில், நம் தெருவில், நம் கண் முன்னால் தொடங்கச் சொல்கிறோம். பதினைந்து வயதில் மேல்நிலைப் பள்ளியில் முதன்முதலாகச் சந்திக்கும்போது அந்தப் பையனின் தலையில் சாதி ஏற்கெனவே முற்றிப்போயிருக்கிறது.

சின்னஞ்சிறு பிள்ளை அவ்வளவு தூரம் எப்படி நடக்கும் என்று ஊர் கேட்கும். ஊரிலிருந்து சேரிக்கு எவ்வளவு தூரமோ, சேரியிலிருந்து ஊருக்கும் அவ்வளவுதான். நம் பிள்ளை நடக்கும்போது கண்ணில் படாத தூரம், அவர்கள் பிள்ளை நடக்க வேண்டும் என்றதும் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். சாதி தன் வாயாலேயே பேசும்.

வேன் வாசலையும் அடைக்க வேண்டும். அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் சங்கங்களிடம் அதையே கேட்போம். மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு 1 கி.மீ. விதியைத் தளர்த்தி, பேருந்து வசதியோடு 25 விழுக்காட்டு இடங்களைத் திறக்கச் சொல்வோம்.

மாணவத் தோழர்களே, உங்கள் கிராமத்தில் இருந்து தொடங்குங்கள். ஊர்ப் பள்ளி, சேரிப் பள்ளி இரண்டிலும் சமூகவாரியாக எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டு பள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நீங்களே அளந்து எழுதுங்கள். இரண்டு பள்ளி மேலாண்மைக் குழுக்களிலும் உள்ள தாய்மார்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானத்தைக் கொண்டுபோங்கள்: ஊருக்கும் சேரிக்கும் ஒரே பள்ளி எல்லை, ஒன்றாம் வகுப்பு சேரியில். தோற்கலாம். ஆனால் எதிர்த்துக் கை தூக்கியவர்கள் யார் என்பது நிகழ்ச்சிப் பதிவேட்டில் இருக்கட்டும்.