மட்டக்களப்போடு நின்றுவிட்ட இருப்புப் பாதை

கொழும்புக் கோட்டையிலே உதயதேவி ஏறும் கல்முனைப் பயணி மட்டக்களப்பிலே இறங்கியே ஆகவேண்டும். ஏறக்குறைய 350 கிலோமீட்டர் சுமந்து வந்த வண்டிக்கு எஞ்சிய 40 கிலோமீட்டர் எட்டாத தூரமாகிவிட்டது! நோயாளியானாலும் மாணவனானாலும் மூட்டை முடிச்சோடு பேருந்தைத் தேடவேண்டியதுதான்.

1928இல், வெள்ளையர் ஆட்சியில், மட்டக்களப்பை எட்டிய பாதை இது. மாகோவிலே வடபாதையைப் பிரிந்து, கல்லோயாச் சந்தியிலே திருகோணமலைக்கு ஒரு கிளை விட்டு வருகிறது. (இந்தக் கல்லோயா வேறு, நம் வயல்களுக்கு நீர் தரும் கல்லோயா வேறு, கொழும்பிலிருந்து வரைபடம் பார்ப்போர் மயங்கவேண்டாம்.) அதன் பின்னர் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. ஒலுவிலிலே பல்கலைக்கழகம் எழுந்தது. தண்டவாளம் மட்டும் ஓர் அடியேனும் தெற்கே நகரவில்லை. நம் நெல் இன்றும் லொறியிலேதான் போகிறது. அந்தக் கூலியும் விவசாயி தலையிலேதான் விடிகிறது.

பணமில்லை என்பார்கள். மாத்தறையில் முடிந்திருந்த பாதை 2019 ஏப்ரலில் பெலியத்தை வரை, 26 கிலோமீட்டருக்கு மேல், நீண்டதே! தென்னிலங்கைக்குக் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்றே கேட்கிறோம்.

ஆனால், தேர்தல் மேடையிலே புகையிரதம் விடும் நம் பிரதிநிதிகளையும் ஒன்று கேட்கவேண்டும். பாதை எவ்வழியே போகும்? மருதமுனை முதல் நிந்தவூர் வரை கடலுக்கும் வயலுக்கும் நடுவே வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறது. கடற்கரையோரமோ 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அள்ளிச்சென்ற மண். ஆகவே மேற்கே வட்டைகளின் ஊடாகத்தான் போகவேண்டும். அங்கே உயர்த்திப் போடும் அணைக்கட்டு மாரி வெள்ளத்தை மறித்தால் வேளாண்மையும் அழியும், ஊரும் மூழ்கும். 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், உழவு இயந்திரத்தோடு மதரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை.

எனவே முதலில் நில அளவையும் வெள்ள ஆய்வும் நடக்கட்டும். எத்தனை மதகு, எத்தனை பாலம், எவர் வயல் போகிறது, ஏக்கருக்கு என்ன நட்டஈடு என்ற கணக்கோடு வரைபடத்தை விவசாயிகள் கூட்டத்திலே விரித்துக் காட்டட்டும். அந்த வரைபடத்தை எப்போது கொண்டுவருவீர்கள்?