நுவரெலியாவின் பேரமும் கச்சலின் மௌனமும்

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரை எண்களாகப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு வந்தோருள் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சல் தீவில் இரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்த்தப்பட்டன. ஒரே மக்களின் இரு கிளைகள் இரு வேறு அரசியல் விதிகளைச் சந்தித்தன.

இலங்கையில் தங்கியோருக்கு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இருந்தது. 1977 தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை பெற்றிருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்கு அந்த ஓர் உறுப்பினரின் கை தேவைப்படவில்லை. ஆயினும் 1978இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானார். அவருக்குப் பின்னால் நின்றது ஆசன எண்ணிக்கையன்று. தேயிலைத் தோட்டங்களை நிறுத்தவல்ல தொழிற்சங்கம். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் படிப்படியாக மீண்டதில் அந்தப் பேர வலிமைக்குப் பெரும்பங்கு உண்டு.

இக்கூட்டணிப் பங்கேற்பைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் நேர்மையாகாது. 1983 ஜூலை வன்முறையில் மலையகத் தமிழரும் தாக்குண்டனர். அப்போதும் கட்சி அமைச்சரவையில்தான் இருந்தது. லயன் அறைகளும் காணியுரிமையும் கூலியும் இன்றளவும் தீராத வழக்குகள். அமைச்சுப் பதவி கதவைத் திறக்கும். உள்ளே எதைக் கேட்பது என்பதை அமைப்பே முடிவு செய்கிறது.

கச்சலுக்கு வந்தோருக்குக் குடியுரிமை உடன் கிடைத்தது. பேரம் பேசும் வலிமை கிடைக்கவில்லை. தோட்ட முதலாளி அரசேயாக இருந்தது. நிலமோ 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிக்கு உட்பட்டது. அது நிக்கோபாரியரின் நியாயமான காப்பு. அந்தமான் நிக்கோபார் முழுமைக்கும் மக்களவையில் ஒரே இடம், சட்டமன்றம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 இலட்சம்; அதில் தமிழர் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர். ஒற்றைத் தொகுதியில் அவ்வாக்கு பிறரது வெற்றிக்குத் துணையாகலாம், தனிக்குரலாக ஒலிக்காது. 1989 முதல் தி.மு.க. பலமுறை மத்தியக் கூட்டணி அரசுகளில் அங்கம் வகித்தது. ஆனால் அதன் எண்ணிக்கை தமிழகத்திலிருந்து வந்தது. தீவுத் தமிழர்க்கு அது தேர்தல் வழியே கடன்பட்டதன்று.

நிக்கோபாரியரின் நிலை இன்னும் கூர்மையானது. தங்கள் சொந்த மண்ணில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட மக்களவைத் தொகுதிகூட இல்லை. பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் திட்டமிடப்படும் இக்காலத்தில், பழங்குடி மன்றங்கள் மனு எழுதலாம். வாக்களித்துத் தடுக்க இயலாது.

ஆகவே தீவுகளுக்குத் தேவை புதியதோர் இனக்கட்சி மட்டுமன்று. அத்தகைய கட்சி பொருள்பெறக் கூடிய மன்றம் முதலில் வேண்டும். புதுச்சேரி பெற்றதைப் போன்ற சட்டமன்றம், அதில் நிக்கோபாரியர்க்கு உறுதி செய்யப்பட்ட இடங்கள், குடியேறிய தொழிலாளர்க்கும் பங்கு. மன்றமே இல்லாத இடத்தில் சிறுபான்மையினர் எவருடனும் கூட்டணி அமைக்க முடியாது. விண்ணப்பிக்க மட்டுமே முடியும்.