வெள்ளத்தில் போன கேசட்டும் பெயர் இல்லாத பாட்டும்: நெல்லைக்கு ஏன் ஒரு தொகுப்பு ஆல்பம் வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாட்களை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். சிந்துபூந்துறையில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. பெரியம்மா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தேடியது ஒரு டிரங்குப் பெட்டியை. உள்ளே நாற்பது கேசட்டுகள் இருந்தன. எல்லாமே பழைய கிறிஸ்தவப் பாடல்கள், எல்லாவற்றிலும் சேறு.

"யூடியூப்ல எல்லாம் இருக்கு பெரியம்மா" என்றேன்.

"ஃபிரிட்ஜு வாங்கிக்கிடலாம். இதை எங்க போய் வாங்க?" என்றார்.

அன்று ராத்திரி மொபைலில் தேடிப் பார்த்தேன். பாதிப் பாட்டு கிடைத்தது, ஆனால் எழுதியவர், இசையமைத்தவர் பெயர் எதிலும் இல்லை. அவருடைய ஊர்ப் பாடகர் குழு வெளியிட்ட கேசட் எங்கேயுமே இல்லை. அதில் இரண்டாவது குரல் அவருக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த ஆசிரியருடையதாம். அந்தக் குரல் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை.

நெல்லைக்கு ஒரு முறையான தொகுப்பு ஆல்பம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பக்திக்காகச் சொல்லவில்லை. இது நம்ம ஊரின் இசை வரலாறு.

எந்தப் பாடல்களைச் சொல்கிறோம்?

தாமிரபரணிக் கரை கிறிஸ்தவ இசையை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு கீர்த்தனைகள். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் (இறப்பு 1864) இதன் பெரிய பெயர். ராகம், தாளம், பல்லவி, சரணம் என்று நம் மரபிலேயே எழுதினார். 'பெத்லகேம் குறவஞ்சி' அவருடையதுதான். குற்றாலக் குறவஞ்சி பிறந்த வட்டாரத்துக்காரர் குறவஞ்சி எழுதியதில் ஆச்சரியம் என்ன? அடுத்த தலைமுறையில் 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதிய எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையும் நெல்லைக்காரர். 'கருணாமிர்த சாகரம்' (1917) தந்த ஆபிரகாம் பண்டிதர் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர்.

இரண்டாவது அடுக்கு, ஐரோப்பிய மெட்டில் தமிழ் வார்த்தை வைத்த ஞானப்பாட்டுகள். ஆர்கனோடு கோயிலில் பாடுவது.

மூன்றாவது அடுக்குதான் நம் விஷயம். கேசட்டும் வானொலியும் கொண்டுவந்த புதுப் பாட்டு. கிட்டார், கீபோர்டு, தபேலா, நடுவில் சினிமா பாணி வயலின். சாராள் நவரோஜி தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடினார். சுரண்டையில் 1935-ல் பிறந்த டி.ஜி.எஸ்.தினகரன் மேடையிலும் வானொலியிலும் பாடினார். எமில் ஜெபசிங் எழுதிய பாடல்கள் ஊர் ஊராகப் போயின. பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுதி எண் போட்டு வரிசையாக வந்தது. மதுரையில், தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு கிராமியத் தாளத்தில் தலித் மக்களின் பாட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்.

இவர்கள் பெரிய பெயர்கள். இவர்களுக்குக் கீழே பெயர் தெரியாத நூறு பேர் இருக்கிறார்கள். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்காக ஒரு கேசட், கன்வென்ஷனுக்காக ஒரு கேசட், கிறிஸ்துமஸ் கேரலுக்காக ஒரு கேசட். சில நூறு பிரதிகள் போட்டு, விற்றுத் தீர்ந்து, அதோடு முடிந்துபோனவை. ஆபத்தில் இருப்பவை இவைதான்.

தொகுப்பு என்ன செய்யும்?

இரண்டு உதாரணம் பார்க்கலாம்.

ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்கள் உள்ளிட்ட கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். வாய்வழியாகவும் ஓலையிலும் இருந்தது அச்சுக்கு வந்தது. இன்றும் கீர்த்தனைப் பாட்டு எல்லா ஊரிலும் ஒலிக்கிறது என்றால், இப்படிப்பட்ட தொகுப்புகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று கலிஃபோர்னியாவில். 1960-களின் கடைசியில் ஹிப்பி இளைஞர்கள் தேவாலயத்துக்குள் கிட்டாரோடு வந்தார்கள். "இது கோயில் பாட்டா?" என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1971-ல் கோஸ்டா மெசாவின் கால்வரி சேப்பலைச் சுற்றியிருந்த பல குழுக்களின் பாட்டைச் சேர்த்து 'தி எவர்லாஸ்டிங் லிவிங் ஜீசஸ் மியூசிக் கான்சர்ட்' என்ற தொகுப்பு ஆல்பம் வந்தது. அதை வெளியிட்ட மாரநாதா மியூசிக் பிறகு பெரிய நிறுவனமானது. அந்தக் காலத்துக் கலைஞர் லாரி நார்மன் 1972-ல் வெளியிட்ட 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்' ஆல்பத்தை, அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு காலத்தில் கோயிலுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பாட்டு இன்று அந்த நாட்டின் சொத்து.

நம் ஊரில் முதல் அடுக்குக்கு வெப் இருந்தார். மூன்றாவது அடுக்குக்கு இன்னும் யாரும் வரவில்லை.

யூடியூப் போதாதா?

போதாது. முதல் காரணம், மேலே ஏற்றுபவர் பெரும்பாலும் பாட்டை மட்டும்தான் ஏற்றுகிறார். கேசட் அட்டையில் இருந்த எழுத்தாளர், தபேலாக்காரர், ஸ்டுடியோ, வருஷம் எல்லாம் அட்டையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. இரண்டாவது காரணம், ஒரு சேனல் மூடப்பட்டால் அதோடு பாட்டும் போய்விடும். மூன்றாவது, புகழ்பெற்ற பாட்டுதான் திரும்பத் திரும்பப் பதிவேறுகிறது. அரிய பாட்டை யாரும் தேடுவதில்லை, அதனால் யாரும் ஏற்றுவதும் இல்லை.

இன்னொரு பக்கம், கேசட்டுக்கு ஆயுசு குறைவு. பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு, அதை ஒட்டிவைத்திருக்கும் பசை. ஈரப்பதத்தில் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும். வெள்ளமே வராவிட்டாலும் பரணில் இருக்கும் கேசட் மெல்லச் செத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

"காப்பிரைட் பிரச்சினை வருமே" என்பது நியாயமான கேள்வி. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி பாடல் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே சாஸ்திரியாரின் பாடல் வரிகள் எல்லோருக்கும் பொது. 1980-களின் கேசட் அப்படியல்ல.

உண்மையான மத வழிபாட்டில் பாடுவது உரிமை மீறல் இல்லை என்று பிரிவு 52 சொல்கிறது. ஆனால் ஆல்பமாக வெளியிட அனுமதி வேண்டும். உரிமையாளர் யாரென்றே தெரியாவிட்டால், முறைப்படி விண்ணப்பித்து உரிமம் பெற பிரிவு 31ஏ வழி வைத்திருக்கிறது. முக்கியமாக, உரிமையை விற்றுவிட்டாலும் "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது பிரிவு 57. அதாவது பெயர் போடுவது நாம் காட்டும் பெருந்தன்மை அல்ல. அது அவர்களுடைய உரிமை.

"மகிமை ஆண்டவருக்கு, பெயர் எதுக்கு?"

இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். எழுதியவரே அடக்கத்தால் அப்படிச் சொன்னால் மதிக்கலாம். ஆனால் அவர் பாட்டை எடுத்து ரீமிக்ஸ் செய்து, தன் படத்தையும் பெயரையும் பெரிதாகப் போட்டுக்கொள்பவர் அதே வசனத்தைச் சொன்னால் எப்படி? கூலி வாங்காமல் பாடிய ஊர்க்காரரின் பெயர் மட்டும்தானா மறைய வேண்டும்?

"இது ஒரு மதத்தின் விஷயம், எங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. மார்கழிக் காலையில் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவையும், டிசம்பர் ராத்திரியில் தெருவில் கேரல் ரவுண்ட்ஸும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? அந்த தபேலாக்காரர் கோயில் கச்சேரிக்கும் வாசித்திருப்பார், கல்யாண மேடைக்கும் வாசித்திருப்பார். இசைக்காரர்களின் வரலாற்றை மதம் பார்த்துப் பிரிக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு என்றே துறை இருக்கிறது. இப்படிச் சேகரிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள் என்று அர்த்தம். திருமண்டலங்களும் கல்லூரிகளும் கைகோத்தால், இருபது பாட்டு, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு, முழுப் பெயர்ப் பட்டியல் என்று முதல் தொகுப்பைக் கொண்டுவருவது முடியாத காரியம் இல்லை.

அதுவரை நீங்களும் நானும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கும் கேசட்டை இறக்குங்கள். உடனே பிளேயரில் போடாதீர்கள், பூஞ்சை இருந்தால் பட்டை அறுந்துவிடும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். முதலில் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யார் குரல், எந்த வருஷம்?" என்று கேட்டு மொபைலில் பதிவு செய்யுங்கள். கேசட்டை டிஜிட்டலாக மாற்ற இன்னும் ஆள் கிடைப்பார்கள். அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பெரியம்மாவின் நாற்பதில் பதினொன்று பிழைத்தது. ஊர்ப் பாடகர் குழுவின் கேசட் அதில் இல்லை. ஆனால் அதில் பாடியவர்கள் எட்டுப் பேரின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். யாராவது வீட்டுப் பரணில் அதன் இன்னொரு பிரதி இருந்தால், அதன் மேல் எழுத வேண்டிய பெயர்கள் தயாராக இருக்கின்றன.